80 அங்குலமா, 52 அங்குலமா: பஃபலோவில் எந்தப் பனி கொடியது?

2022இல் ஐந்து வார இடைவெளியில் இரண்டு பெரும் பனிப்பொழிவுகள் அமெரிக்காவின் பஃபலோ நகரையும் அதைச் சுற்றிய ஈரி கவுன்டியையும் (மாவட்டம் போன்றது) தாக்கின. நவம்பரில் தெற்குப் புறநகரான ஆர்ச்சர்ட் பார்க்கில் 80 அங்குலம் கொட்டியது. ஆறரை அடிக்கும் மேல், ஆளை மூடும் உயரம். டிசம்பர் கிறிஸ்துமஸ் வாரத்தில் விமான நிலையத்தில் பதிவானது 52 அங்குலம்தான். ஆனால் நவம்பரில் உயிரிழந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிசம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அளவுகோலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு புரியாது.

இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 390 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கு முனையில் பஃபலோ. ஏரி உறையாத நாள்களில், கடுங்குளிர்க் காற்று அந்த நீளவாக்கிலேயே வீசினால், வெதுவெதுப்பான நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். ஒரே பட்டையாகக் கொட்டுவதால் ஒரு தெருவில் மலை, சில மைல் தள்ளி வெயில் என்பது அங்கே சாதாரணம்.

வேறுபாடு காற்றில் இருந்தது. நவம்பரில் பனி கனமாக, பெரும்பாலும் நேராக இறங்கியது. வீட்டுக்குள் இருந்தவர் வீட்டுக்குள்ளேயே பத்திரமாக இருந்தார். பஃபலோ பில்ஸ் என்ற உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்தை டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள். வீரர்களின் வீட்டுவாசல்களை அக்கம்பக்கத்தார் வந்து தோண்டித் திறந்துவிட்டார்கள். இறந்தவர்களில் சிலருக்குப் பனி அள்ளும்போது மாரடைப்பு. இது ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே நடக்கும் சாவு. ஈரப்பனி எவ்வளவு கனம் என்பதை மண்வாரியால் அள்ளித் தூக்கியவர்தான் அறிவார்.

டிசம்பர் 23 வேறு கதை. காலையில் மழை. சில மணி நேரத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே சரிந்தது. மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று, 37 மணி நேரம் ஓயாத பனிப்புயல், நீட்டிய கை தெரியாத வெண்மை. தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் தாங்களே புதைந்தன. துணை மின்நிலையங்கள் உறைந்து வீடுகளின் ஹீட்டர்கள் நின்றன. காருக்குள் சிலர், நடந்து போன வழியில் சிலர், குளிர்ந்த வீட்டுக்குள் சிலர், உதவி கேட்டுக் காத்திருந்தே சிலர் என்று இறந்தார்கள். பஃபலோவை ஒட்டிய சீக்டவாகாவில் ஒரு மெக்கானிக் பள்ளிக்கூட ஜன்னலை உடைத்து, தெருவில் சிக்கியிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களை உள்ளே கொண்டுபோய்க் காப்பாற்றினார். சட்டத்தை அவர் மீறினார் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

காற்று மட்டும்தான் காரணமென்றால் மனிதர் செய்ய ஒன்றுமில்லை என்றாகிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. போக்குவரத்துத் தடையைக் கவனியுங்கள்.

2014 நவம்பர் பனியில் நெடுஞ்சாலையை மூடத் தாமதித்ததால் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் சிக்கின. ஒரு கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி பஸ்ஸிலேயே ஏறத்தாழ 30 மணி நேரம் கிடந்தது. அந்தப் பாடம் 2022 நவம்பரில் கைகொடுத்தது. பனி உக்கிரமாகும் முன்பே, வியாழன் மாலையே லாரிகளுக்குத் தடை, அன்றிரவே ஈரி கவுன்டியில் வாகனத் தடை. டிசம்பரிலோ, தலைமுறைக்கு ஒருமுறை வரும் புயல் என்று வானிலை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தும், தடை அமலானது வெள்ளிக்கிழமை காலை 9:30 மணிக்கு. அதற்குள் பலர் வேலைக்குப் போயிருந்தார்கள்.

தடையை முந்திப் போட்டால், புயல் தப்பிப் போகும் நாளில் கடைக்காரருக்கும் தினக்கூலிக்காரருக்கும் ஒருநாள் வருமானம் போகும். அடுத்த தடையை ஜனங்கள் மதிக்கவும் மாட்டார்கள். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வெறும் “வெளியே வராதீர்கள்” என்ற அறிவுரையால் பயனடைபவர் யார்? லேப்டாப்பில் வேலை பார்ப்பவர். மளிகைக் கடையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்பவரிடம் முதலாளி “வா” என்றால் அறிவுரையைக் காட்டி மறுக்க முடியாது. தடை ஆணையைக் காட்டலாம். டிசம்பரில் நகரத்தில் மாண்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள் என்பதையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒரு வாரச் சாமான் வாங்கி அடுக்கக் கையில் பணமில்லாத வீட்டிலிருந்துதான் நடுப்புயலில் பால் வாங்க ஆள் கிளம்பும்.

1977 ஜனவரி 28ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்போது ஏரி உறைந்தே கிடந்தது. புதிதாக விழுந்தது சுமார் 12 அங்குலம். உறைந்த ஏரியின் மேல் வாரக்கணக்கில் குவிந்திருந்த பனியைக் காற்று வாரி ஊருக்குள் எறிந்தது. 29 பேர் இறந்தார்கள், பலர் காருக்குள்ளேயே. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. புயல் வந்து சேர்ந்தது பகல் பதினொன்றரை மணி வாக்கில், எல்லோரும் வேலையில் இருந்தபோது.