முன்பக்கத்தில் 133 எரிவதைப் பார்த்து ஏமாந்த கதை

பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி ஓட வைக்க நினைப்பவர்கள், அதிலும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் இருந்துகொண்டு எது ரிப்பேர் என்றாலும் கோயம்புத்தூருக்கு வண்டி ஏறுகிற நம் ஆட்கள், இதைக் கொஞ்சம் படியுங்கள். 7,000 ரூபாய் கொடுத்து, கொண்டுபோனதைவிட மெதுவாக ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்பா 1995-ல் வாங்கிய, 486 ரகப் பிராசஸர் போட்ட கம்ப்யூட்டர் அது. அதில் டிஎக்ஸ்2 மாடல், வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ் என்று பல வருஷம் எங்கள் அச்சகத்துக்குச் சோறு போட்டது. தமிழ், மலையாளம் இரண்டும் அதில்தான் அடித்தோம். பிரின்டர் போர்ட்டில் டாங்கிள் என்கிற சாவி மாதிரியான சின்னப் பெட்டியைச் செருகினால்தான் அந்த எழுத்துரு மென்பொருளே திறக்கும். அதில் செய்த கோப்பை லேப்டாப்பில் திறந்தால் கோழி கிளறிய குப்பை மாதிரிதான் தெரியும். பழைய டிசைன்களைப் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், அதனால் பரணிலிருந்து இறக்கினேன்.

இறக்கியதும் ஓடத்தான் செய்தது. தேதி மட்டும் நிற்கவில்லை. மதர்போர்டில் இருந்த பீப்பாய் மாதிரியான நிக்கல் காட்மியம் பேட்டரி பச்சை பூத்திருந்தது. அதை மட்டும் மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். எனக்குத்தான் புத்தி கெட்டு, கையோடு வேகத்தையும் ஏற்றிவிடலாம் என்று ஆசை வந்தது.

பழைய கம்ப்யூட்டர்களில் கை தேர்ந்தவர் என்று ஒருவர் சொல்லித்தான் அந்தக் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். "ஒண்ணும் பயப்படாதீங்ண்ணா, 5எக்ஸ்86 பிராசஸர் போட்டுடலாம், 133 மெகாஹெர்ட்ஸ். பறக்கும்" என்றார். பிராசஸருக்கு 4,500, பேட்டரிக்கு 700, கூலி 1,800. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, வேலை முடியட்டுமே என்றார். நானும் தலையாட்டிவிட்டு, ஜிபேயில் முழுப் பணத்தையும் அப்போதே அனுப்பினேன்.

அஞ்சு வாரம் ஆனது. போனபோது மேஜை மேல் ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருந்தார். கேபினட் முன்பக்கத்துப் பச்சை எழுத்தில், முன்பு 66 எரிந்த இடத்தில், 133. எனக்கு வாயெல்லாம் பல்.

வீட்டுக்கு வந்து அப்பா ஒரு பழைய பத்திரிகையைத் திறந்தார். மேலே பிள்ளையார் படம். தும்பிக்கை வந்தது, நின்றது. பிறகு தொந்தி. பிறகு மூஞ்சூறு. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முன்னயெல்லாம் இதவிட வெரசா வருமே கண்ணு" என்றார். உங்களுக்கு வயசாகிவிட்டது, பழைய ஞாபகத்தில் சொல்கிறீர்கள் என்று நானே அவரிடம் வாதாடினேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ரெண்டு நாள் கழித்து, அந்தக் காலத்தில் கோவையில் சர்வீஸ் வேலை பார்த்த தெரிந்த அண்ணன் ஒருவர் வந்தார். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தார். பூட் ஆகும்போது ஒரு கட்டம் போட்ட பட்டியல் வந்து மறையும், தெரியுமே, அது வந்ததும் டக்கென்று பாஸ் (Pause) கீயை அமுக்கி நிறுத்தினார். பிராசஸர்: 486டிஎக்ஸ்2. வேகம்: 66. அதற்குக் கீழே இன்னொரு வரி, பிராசஸர் அடிக்கடி கேட்பதை உடனே எடுத்துக் கொடுக்கும் வேகமான குட்டி நினைவகத்தைப் பற்றியது, கேச் மெமரி: இல்லை.

"அப்ப முன்னாடி 133 எரியுதேண்ணா?"

அவர் சிரித்துவிட்டு முன்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினார். அந்த எழுத்துக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்ன போர்டு, அதில் வரிசை வரிசையாக ஊசிகள். எந்தக் கோடு எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்பதை ஜம்பர் என்கிற குட்டி மூடியை ஊசிகளில் செருகி நாமே வைத்துக்கொள்ளலாம். அது எதையும் அளப்பதில்லை. அதில் 999 வேண்டுமானாலும் எரிய வைக்கலாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்போ பட்டனை அமுக்கினால் மாறி எரிவதும் அப்படி நாமே வைத்த எண்தான்.

பிராசஸர் மேலிருந்த ஹீட் சிங்க்கைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் எங்கள் பழைய டிஎக்ஸ்2 அப்படியே உட்கார்ந்திருந்தது. இத்தனைக்கும் எங்கள் போர்டு பிராசஸருக்கு 5 வோல்ட் மட்டும்தான் கொடுக்கும். 5எக்ஸ்86 ஓடுவது 3.45 வோல்ட்டில். நடுவே வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் வைத்த அடாப்டர் சாக்கெட் இல்லாமல் நேராகச் செருகினால் சூடேறிச் செத்துப்போகும். போர்டை ஒருமுறை பார்த்த சர்வீஸ்காரர் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

இதுகூடப் போகட்டும். மெதுவாக ஓடியதற்குக் காரணம் வேறு. 486 போர்டுகளில் கேச் சிப்புகள் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் காலோடு, சாக்கெட்டில் செருகி இருக்கும். எங்களுடையதில் 32 கேபி சிப்பு எட்டு, அதோடு கேச்சில் எது இருக்கிறது என்று குறித்துவைக்கும் டேக் சிப்பு ஒன்று, ஆக மொத்தம் 256 கேபி கேச். ஒன்பது சாக்கெட்டும் காலி. பழைய போர்டு பழுது பார்ப்பவர்கள் இந்தச் சிப்புகளைத் தேடி அலைகிறார்களாம். கொடுக்கும் முன் அக்கா பையன் விளையாட்டாக எடுத்த போட்டோ ஒன்று இருந்தது நல்லதாகப் போயிற்று, ஒன்பதும் அதில் பளிச்சென்று தெரிகிறது.

பேட்டரி வேலையை மட்டும் செய்திருந்தார், அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் காசு பேட்டரி ஹோல்டரைப் பற்றவைத்திருந்தார். அந்த இடத்துக்கு போர்டு சார்ஜ் அனுப்பும். லித்தியம் காசு பேட்டரி சார்ஜ் ஏற்றுகிற சாமான் இல்லை, நடுவில் ஒரு டயோடு போட்டுத் தடுக்காவிட்டால் ஊதி வெடிக்கக்கூடும். இரண்டு ரூபாய் டயோடு. அண்ணன்தான் போட்டுக் கொடுத்தார்.

கடைக்குப் போன் செய்தேன். "பழைய சாமான் அப்பிடித்தாங்ண்ணா இருக்கும்." நேரில் போனேன். சிப்பு எதுவும் நான் பார்க்கவே இல்லை என்றார். போட்டோவைக் காட்டியதும், அது உங்க போர்டுதான்னு என்னங்ண்ணா சாட்சி என்று கேட்டார். போர்டில் அப்பா 1995-ல் மார்க்கரில் எழுதிய அச்சகத்தின் பெயர் போட்டோவிலேயே இருக்கிறது என்றேன். அதன் பிறகு 2,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். மீதி அடுத்த மாசம் என்றார். அந்த அடுத்த மாசம் வந்து போய்விட்டது.

கடை தமிழ்நாட்டில், நான் கேரளத்தில், எங்கே போய் வழக்குப் போடுவது என்றுதான் முதலில் மலைத்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்துவிட்டேன். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, போட்டோ மூன்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போன திங்கள்கிழமை போயிருக்கிறது. பதினைந்து நாள் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை என்றால் பாலக்காட்டில் மனு கொடுப்பேன்.