பேக்கப் பாதியில் கம்ப்யூட்டர் அணைகிறதா? அப்படியே தூக்கிக் கடையில் கொடுத்துவிடாதீர்கள்

தக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணம், புதுநன்மை, பால்காய்ச்சு எல்லாம் எடுப்போம். ஆவணிக் கல்யாணங்கள் முடிந்த கையோடு, ஏழு வீட்டுப் படங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுக்க உட்கார்ந்தேன். மொத்தம் 600 ஜிபிக்கு மேல். இருபது நிமிடம் ஓடியிருக்கும். ஃபேன் இரைச்சல் கூடிக்கொண்டே போய், 'டிக்' என்று ஒரு சத்தம், திரை கறுத்துவிட்டது. கரண்ட் இருக்கிறது, யூபிஎஸ்ஸில் விளக்கு எரிகிறது. விண்டோஸ் பழுதாகி நின்றால் வரும் நீலத் திரை எதுவும் வரவில்லை.

உடனே ஆன் செய்தால் மூன்று நிமிடத்தில் மறுபடி அணைந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் நன்றாக ஓடியது. படம் பார்க்கலாம், பில் அடிக்கலாம். பேக்கப்பைத் தொடங்கினால் மட்டும் இருபது நிமிடத்தில் போய்விடும். காரணம் இந்த வித்தியாசத்திலேயே இருந்தது. எனக்கு அன்று அது பிடிபடவில்லை.

சிபியூவைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, வில்லுக்குறி வழியாக நாகர்கோவில் போனேன். போன கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. "பேக்கப் எடுக்கும்போது ஆஃப் ஆகுது தம்பி, உள்ளே கல்யாணப் படம் எல்லாம் கிடக்கு" என்று கவுண்டரில் தெளிவாகச் சொன்னேன். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. "ஒண்ணும் பேடிக்காண்டாம் அண்ணே, நாளைக்கு வாங்க" என்றார்.

நாளை என்பது நான்கு நாளானது. நடுவில் ஒரு போன். எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது, விண்டோஸும் கெட்டுப்போயிருக்கிறது, சரி பண்ணட்டுமா என்று கேட்டார். "சரி, பண்ணுங்க" என்றேன். அந்த ஒரு 'சரி'யை வைத்து எல்லாவற்றையும் செய்துவிட்டார். 4,850 ரூபாய். பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பழைய எஸ்எம்பிஎஸ் எங்கே என்றால், "அதைத் தூக்கிப் போட்டாச்சே."

வீட்டுக்கு வந்து, படங்கள் வைத்திருந்த 'டி' டிரைவைத் திறந்தேன். காலி. டிஸ்க் முழுவதையும் அழித்து, புதிதாகப் பிரித்து விண்டோஸ் போட்டிருக்கிறார். போன் செய்தேன். "டேட்டா வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே அண்ணே" என்றார்.

பேக்கப் எடுக்கும்போது அணைகிறது என்றால், பேக்கப் முடியவில்லை என்றுதானே அர்த்தம்? அந்த டிஸ்க்கில் இருப்பதுதான் ஒரே பிரதி. இதே தொழிலில் இருப்பவருக்கு இதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா? விண்டோஸ் புதிதாகப் போட 'சி' டிரைவை அழித்தால் போதும். 'டி'யைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

இவ்வளவும் செய்தாரே, கோளாறாவது தீர்ந்ததா? இல்லை. கடைசி இரண்டு கல்யாணப் படங்கள் கேமரா கார்டில் மிச்சம் இருந்தன. அவற்றை ஏற்றி பேக்கப் போட்டேன். பதினெட்டாவது நிமிடத்தில் அதே 'டிக்'.

பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன் அன்று சாயங்காலம் வந்தான். முதலில், கம்ப்யூட்டரில் நடந்ததை விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தான். கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு, உள்ளே பக்செக் கோடு, அதாவது நீலத் திரைப் பிழையின் எண், பூஜ்யம். விண்டோஸ் முறையாக நிற்கவில்லை என்பதைத்தான் அந்த 41 சொல்கிறது. அந்த எண் பூஜ்யமாக இருந்தால், நீலத் திரை போட்டு நின்ற கதை இல்லை, மின்சாரம் சட்டென்று அறுந்த மாதிரி நின்றிருக்கிறது என்று விளக்கினான். ஒன்று மின்சாரக் கோளாறு, இல்லையென்றால் சூடு. வெப்பம் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டான். சும்மா இருக்கும்போதே பிராசசர் 70 டிகிரியைத் தாண்டி நின்றது. பேக்கப்பைத் தொடங்கியதும் 90, 95, 99. பிறகு 'டிக்'. பிராசசர் கருகாமல் இருக்க கம்ப்யூட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. நான் வைத்திருந்த பேக்கப் மென்பொருள் ஃபைல்களைச் சுருக்கிச் சுருக்கி எழுதும், பிராசசருக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. மற்ற வேலைகளில் நடுநடுவே ஓய்வு உண்டு, அதனால் தப்பித்திருக்கிறது.

மூடியைக் கழற்றினோம். பிராசசர் சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. ஹீட் சிங்க்கைப் போர்டோடு பிடித்து வைக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று துளையை விட்டு மேலே எழும்பி நின்றது. விரலால் தொட்டதும் ஹீட் சிங்க் ஒரு பக்கம் ஆடியது. அடியில், பிராசசர் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தத் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி பொரிந்து உதிர்ந்தது. நான்கு நாள் கடையில் கிடந்த கம்ப்யூட்டரில் யாரும் இந்த ஃபேனைக்கூட ஊதிப் பார்க்கவில்லை. பிரஷ்ஷால் தட்டி, பழையதைத் துடைத்து, 200 ரூபாய் பேஸ்ட் தடவி, நான்கு பின்களையும் அழுத்திப் பூட்டினான். இப்போது பேக்கப் ஓடும்போதும் 65 டிகிரியைத் தாண்டவில்லை. இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடியது.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். காரணம் சூடு என்று அன்றே தெரிந்திருந்தால், மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வீட்டுப் படமாகச் சாதாரணமாகக் காப்பி எடுத்திருப்பேன். நடுநடுவே ஆற விட்டிருந்தால் போதும். அல்லது ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, யூஎஸ்பி கேபிள் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கலாம். டிஸ்க்கில் எந்தக் குறையும் இல்லையே! உங்களுக்கு இப்படி நடந்தால் முதலில் இதைச் செய்யுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம். முடிந்தால் டிஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொண்டு போங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், 'அழிக்கக் கூடாது' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள். உள்ளே இருக்கும் பாகங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

அழிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது. நானோ பேக்கப் ஓடுகிறதா என்று பார்க்க அதில்தான் புதுப் படங்களை ஏற்றினேன். அது தப்பு. பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மூன்று ராத்திரி தேடினோம். பாதிக்கு மேல் கிடைத்தது. ஆனால் ஃபோல்டர் இல்லை, பெயர் இல்லை. எல்லாம் 'எஃப்' என்று தொடங்கும் நீள எண்கள். ஏழு வீட்டு மணப்பெண்களும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறார்கள். எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இருந்திருந்தால் பெரும்பாலும் இதுவும் கிடைத்திருக்காது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, துண்டுச் சீட்டு, போன் பேசிய நேரங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம், வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

நான்கு வீட்டுக்குப் படம் தேறிவிட்டது. இரண்டு வீட்டில் விஷயத்தைச் சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், ஒருவர் வாங்க மறுத்துவிட்டார். மிச்சம் முளகுமூட்டு வீடு. தாலி கட்டும் நேரத்துப் படங்கள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.