சௌர்யா வீட்டுக்கடன்: ஓய்வூதியத்தை நம்பி மதுரையில் முதல் வீடு

பதினேழு, இருபது ஆண்டுகள் இராணுவக் குடியிருப்புகளிலேயே காலம் தள்ளிவிட்டு, நாற்பது வயதையொட்டி ஊர் திரும்புகிறவர்களுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டியாக இருந்தாலும் பேரையூராக இருந்தாலும், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு மதுரையில் ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணமே முதலில் வருகிறது. அப்படித்தான் நாங்களும் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் முதல் வீட்டை வாங்கினோம். அதற்கு, பாதுகாப்புப் படையினருக்கென்று பாரத ஸ்டேட் வங்கி வழங்கும் சௌர்யா வீட்டுக்கடனைப் பெற்றோம். பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் கிடைக்கும் இந்தக் கடன் நல்ல கடன் என்பதே என் மதிப்பீடு. ஆனால் கையில் முன்பணம் இல்லாதவர் இதை மட்டும் நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1944-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக, முன்னாள் படைவீரர் வாங்கும் வீட்டுக்கடனின் ஒரு பகுதிக்கு அரசே உத்தரவாதம் தருகிறது. எனவே அங்கே தகுதியுள்ளவர் முன்பணமே கட்டாமல் வீடு வாங்க முடிகிறது. அதைக் கேள்விப்பட்டு, இங்கும் அப்படி ஒரு வசதி இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் கடன் வரம்பை ரிசர்வ் வங்கியின் விதிதான் தீர்மானிக்கிறது. படைவீரருக்கும் அதில் விலக்கு இல்லை. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையிலும்தான் கொடுக்கலாம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 32 லட்சம் கடன் கிடைத்தாலும் 8 லட்சத்தை நாமே புரட்ட வேண்டும். அதற்கு மேல் 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 3 லட்சத்து 60 ஆயிரம் ஆகிறது. இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கணக்கிட மாட்டார்கள்.

இந்தப் பணத்துக்குப் பெரும்பாலோர் கைவைப்பது கம்யூடேஷன் தொகையில்தான். முப்படையினர் அடிப்படை ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக மொத்தத் தொகை பெறலாம். விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பச் சேரும். அடிப்படை ஓய்வூதியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு அளவு கம்யூட் செய்தவருக்கு அதில் 10,000 ரூபாய் மாதந்தோறும் குறையும். அகவிலைப்படி மட்டும் முழு 20,000-க்கும் கணக்கிடப்படும். மாதத் தவணையை எவ்வளவு தாங்குவோம் என்று வங்கி பார்ப்பது கைக்கு வரும் ஓய்வூதியத்தை வைத்துத்தான் என்பதால், முன்பணத்தைப் பெருக்கிக்கொள்ளும் அதே முடிவு கடன் தகுதியைக் குறைத்துவிடுகிறது. ஆகவே இன்னும் ஓய்வு பெறாதவர்கள், ஓய்வூதியத் தாள்களில் கையெழுத்திடுவதற்கு முன்பே இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுக்குப் பின் மறுவேலை இருந்தாலோ, சம்பளம் வாங்கும் மனைவியைக் கூட்டுக் கடன்தாரராகச் சேர்த்தாலோ நெருக்கடி பெரிதும் தளர்கிறது.

கடனின் சிறப்புகளுக்கு வருகிறேன். பரிசீலனைக் கட்டணம் கிடையாது. 75 வயது வரை, அதிகபட்சம் 30 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தலாம் என்பதால், 42 வயதில் கடன் வாங்குகிறவருக்கும் முழுக்காலம் கிடைக்கிறது. இடையில் பணம் சேர்ந்தால் அபராதமின்றி அசலில் கட்டலாம். மாறும் வட்டியில் தனிநபர் பெறும் எல்லா வங்கி வீட்டுக்கடனுக்கும் இந்த உரிமை உண்டு என்றாலும், முதலில் நாங்கள் விசாரித்த ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடனோடு ஒரு காப்பீட்டுப் பாலிசியும் எடுத்தே தீர வேண்டும் என்றுதான் வற்புறுத்தினார்கள்.

தாமதம் வந்தது தாள்களால். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தந்தை பெயர் என் பெயரோடு சேர்ந்தும், ஆதாரில் வெறும் தலைப்பெழுத்தாகவும் இருந்தது. ஓய்வூதிய ஆணையில் தலைப்பெழுத்தே இல்லை. மூன்றும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது. ஓய்வு பெறும் முன்பே நம் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு அலுவலகத்தில் இதைத் திருத்திக்கொள்வது எவ்வளவோ மேல். அடுத்து வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரம் முதல் வில்லங்கச் சான்று வரை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றில் ஒரு மகள் கையெழுத்திடாததைச் சுட்டிக்காட்டினார். விற்பவர் அந்த அம்மாவிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்து தந்தார். அலைச்சல்தான், ஆனால் அந்த ஒரு கையெழுத்துக்காக என் மகன் காலத்தில் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்திருக்கும். ஒத்தக்கடை, திருமங்கலம் பக்கமெல்லாம் மனைப்பிரிவுகள் பெருகிவரும் இந்நாளில், நகர் ஊரமைப்பு அங்கீகாரமும் பட்டாவும் இல்லாத இடத்தை வங்கி தொடாது என்பதே வாங்குகிறவருக்கு ஒரு காவல்.

குடும்பத்தில் எவர் பெயரிலும் நாட்டில் வேறெங்கும் நிலையான வீடு இல்லாதவர்கள், நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் 2024-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வரை வட்டி மானியம் கிடைக்கும்.

இவ்வளவும் ஓய்வூதியம் உள்ளவர்களுக்கு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுகளில் வெளியேறும் இளைஞருக்குச் சேவா நிதி என்ற ஒரு மொத்தத் தொகை மட்டுமே உண்டு, ஓய்வூதியம் இல்லை. ஓய்வூதியத்தைக் காட்டிக் கடன் கேட்கும் வழி அவருக்கு அடைபட்டுவிடுகிறது. போரில் கணவரை இழந்தவர்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் வீடு கட்டும் கடனின் வட்டியில் பாதியை, முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு திருப்பித் தருகிறது என்றாலும், அது 1 லட்ச ரூபாய் கடனுக்கு மட்டுமே. இன்றைய மதுரையில் அந்தத் தொகை அஸ்திவாரத்துக்கே காணாது. வரம்பை உயர்த்தக் கோரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் எங்கள் பகுதியினர் சேர்ந்து மனு கொடுக்க இருக்கிறோம்; கையெழுத்திட விரும்புகிறவர்கள் தங்கள் அடையாள அட்டை நகலோடு அன்றைக்கு அங்கே வரலாம்.