பவர் டில்லர் பெல்ட்: ஒன்றை மட்டுமா, செட்டாகவா?

பிசான நெல் பருவ நடவுக்குச் சேறடிக்கும் நேரம் பார்த்துத்தான், பவர் டில்லர் எஞ்சினின் இழுவையைக் கடத்த அடுத்தடுத்து ஓடும் பெல்ட்டுகளில் ஒன்று அறுந்து தொலைக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் பலரும் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வயலில் இறங்கிவிடுகிறார்கள். செலவு குறைவு, வேலையும் சட்டென்று முடியும். ஆனால் மற்ற பெல்ட்டுகள் ஏற்கெனவே இழுபட்டு நீண்டிருக்கும். புதுசு மட்டும் விறைப்பாக நிற்பதால் இழுவை பூராவும் அதன் தலையில் விழும். பழையது வழுக்கிச் சூடேறும். ரப்பர் கருகுகிற வாடை மூக்கைத் துளைக்கும்.

செட்டாக மாற்றினால் காசு கூடத்தான். அதிலும் ஒரே கம்பெனி, ஒரே நம்பர் வேண்டும். நீளம் கலந்தால் பழைய கதைதான்.

அப்புறம், எதை மாட்டுவதானாலும் புல்லிக் காடியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தின் பள்ளத்தைப் பாருங்கள். பெல்ட் இரு பக்கச் சுவர்களையும் கவ்வித்தான் ஓட வேண்டும். காடியின் அடி கண்ணாடியாய்ப் பளபளத்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். காடி தேய்ந்த புல்லியில் புது பெல்ட்டும் வழுக்கும். மாட்டும்போது, பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷன் புல்லியைத் தளர்த்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்நூல் அறுந்துவிடும்.

வேலை நடுவில் என்றால் ஒன்றை மாட்டி அன்றைய பாட்டை முடிக்கலாம், தப்பில்லை. மற்றபடி நான் செட் கட்சி. கழற்றியதில் தேறுகிற ஒன்றை டூல்ஸ் பெட்டியில் போட்டுவையுங்கள்.