36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை: கொடுத்த காசுக்கு நல்ல வேகம்

மண்டபம் ஊரில் படகுகளுக்கு மரப் பெயர்ப்பலகை செதுக்க நானே செய்த சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி செதுக்கும் மெஷின்) என்னுடையது. 24 வோல்ட்டில் நிமிடத்துக்கு 1200 மில்லிமீட்டரைத் தாண்டினாலே ஸ்டெப்பர் மோட்டார் (சிறுசிறு படியாகச் சுழலும் மோட்டார்) ஸ்டெப் தவறும். 36 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் மாற்றியபின் 2000-இல் அலுங்காமல் ஓடுகிறது. தாராளமாக வாங்கலாம்.

எல்லாம் மோட்டார் காயிலின் இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டென மாறுவதைத் தடுக்கும் குணம்) செய்யும் வேலைதான். வேகம் கூடக்கூட, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கரண்ட் முழுதாக ஏற நேரம் இருக்காது, டார்க் (சுழற்றும் விசை) விழுந்துவிடும். வோல்ட்டேஜ் கூடினால் கரண்ட் சட்டென ஏறும். டிரைவரில் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் போர்டு) கரண்ட்டை மட்டும் மோட்டார் லேபிளைத் தாண்டி வைக்காதீர்கள், சூடுதான் மிஞ்சும். என் டிஎம்542 டிரைவர் 50 வோல்ட் வரை தாங்கும், அதனால் பயமில்லை.

அப்புறம், இதன் ஃபேன் உப்புக்காற்றை உள்ளே இழுக்கிறது. கடலோரத்துக்காரர்கள் ஃபில்டர் வைத்த பெட்டிக்குள் மாட்டுவது நல்லது.