ஏ-இசட் பயிற்சிப் பள்ளிகள் நீட்டும் நேரத்தாள்: ஒன்ராறியோவில் ட்ரக் ஓட்டப் பழகப் போகிறவர்களுக்கு

கனடாவின் ஒன்ராறியோவில் ஏ-இசட் அனுமதிப்பத்திரம் (ஏ என்பது ட்ரெய்லர் இழுக்கும் பெரிய ட்ரக் வகுப்பு, இசட் என்பது காற்று பிரேக்) எடுப்பதற்காக ட்ரக் பயிற்சிப் பள்ளியில் சேரப் போகிறவர்கள் கட்டணத்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். எத்தனை மணித்தியாலம் பழகினோம் என்று பதியும் நேரத்தாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் பழகிய பள்ளி என்னை ஏமாற்றியது அந்தத் தாளில்தான்.

விதி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூலை 1 முதல், ஏ வகுப்பு வீதிச் சோதனைக்குப் போகிற எவரும் அதற்கு முன் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதில் 36.5 மணித்தியாலம் வகுப்பறைக்கு, 17 யார்டு எனப்படும் பயிற்சி மைதானத்துக்கு, 50 ட்ரக்குக்குள். பயிற்சியை முடித்துவிட்டீர்கள் என்று பள்ளி அரசாங்கக் கணினியில் பதிந்தால்தான் அனுமதிப்பத்திரச் சோதனை நடத்தும் டிரைவ்டெஸ்ட் நிலையத்தில் உங்களைச் சோதனைக்கு எடுப்பார்கள். மாணவரைப் பாதுகாக்க வந்த இந்த ஏற்பாடே கெட்ட பள்ளியின் கையில் பிடியாக மாறிவிடுகிறது. பதிவது அவர்கள், காத்திருப்பது நீங்கள்.

சேரப் போன அன்று உரிமையாளர் தேநீர் வரவழைத்தார். "தம்பி, நீங்கள் எங்களுடைய ஆள். உங்களுக்கென்று தனிக் கணக்கு" என்றார். தனிக் கணக்கு என்றால் காசாகக் கொடுத்தால் கட்டணத்தில் கழிவு. பற்றுச்சீட்டைப் பிறகு தருவதாகச் சொன்னார். கையால் கியர் மாற்றும் ட்ரக்கில்தான் பழக்குவோம், சோதனையும் அதில்தான் என்றார். சோதனையில் சித்தியடையாவிட்டால் மறுமுறைக்குத் தங்களுடைய ட்ரக்கை இலவசமாகத் தருவதாகவும் சொன்னார். இவற்றில் ஒன்றுகூட ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை.

யார்டில் மாணவர் கூட்டம் நின்றது, ஓடுகிற நிலையில் இருந்த ட்ரக் ஒன்றே ஒன்று. கையால் கியர் மாற்றுகிற ட்ரக் ஒரு மூலையில் நின்றது. அதன் கிளட்ச் பழுது என்றார்கள், கடைசிவரை பழுதாகவே இருந்தது. ஒருவர் பின்னோக்கி எடுக்க மற்றவர்கள் குளிரில் நின்று பார்ப்போம். நின்று பார்த்த நேரமும் எங்கள் பயிற்சி நேரமாம். பயிற்றுநர் நல்ல மனிதர், ஆனால் ஒரே வேளையில் அவரே பயிற்றுநர், அவரே அலுவலகத் தொலைபேசிக்குப் பதில் சொல்பவர். வீதியில் ஓட்டியதெல்லாம் சோதனை எடுக்கும் பாதை மட்டுமே. எந்தச் சந்தியில் சோதனையாளர் இடப்பக்கம் திரும்பச் சொல்வார், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றிய ட்ரெய்லரோடு ஒழுங்கை மாறுவது எப்படி என்று நான் பழகவேயில்லை.

ட்ரக்கை எடுக்கும் முன் செய்யும் தினசரிப் பரிசோதனை இன்னும் மோசம். தேவாரம் ஒப்புவிப்பது போல ஒப்புவிக்கச் சொன்னார்கள். பிரேக்கின் காற்றழுத்தம் 55 பிஎஸ்ஐக்கு இறங்கும் முன் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வோம். பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றை இறக்கி, அந்த எச்சரிக்கை உண்மையில் எப்போது வருகிறது என்று ஒரு மாணவரைக்கூடச் செய்துபார்க்க விடவில்லை. ட்ரெய்லரைப் பூட்டுவதும் அப்படித்தான். ட்ரக்கின் பின்னால் உள்ள ஃபிஃப்த் வீல் என்ற இணைப்புத் தட்டின் பிடி, ட்ரெய்லரின் அடியில் உள்ள கிங்பின் முளையைச் சுற்றிப் பூட்டியிருக்கிறதா என்று குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், ட்ரெய்லர் பிரேக் போட்டபடி மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகே ட்ரெய்லரைத் தாங்கி நிற்கும் லாண்டிங் கியர் கால்களை உயர்த்த வேண்டும். இதைப் பயிற்றுநர் செய்து காட்டினார். நாங்கள் தலையாட்டினோம்.

இனி அந்தத் தாள். பயிற்சி முடிகிற கட்டத்தில் அலுவலகத்துக்கு அழைத்து ஒரு கட்டுத் தாளை நீட்டினார்கள். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பயிற்றுநரின் கையெழுத்து எல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. கூட்டிப் பார்த்தால் 103.5 அச்சொட்டாக வரும். ட்ரக் திருத்துமிடத்தில் கிடந்த நாட்களிலும் நான் ஓட்டியதாக எழுதியிருந்தது. இது சரியில்லையே என்றேன். "கையெழுத்து இல்லாமல் கணினியில் ஏற்ற முடியாது தம்பி, சோதனைத் திகதி போய்விடும்" என்றார் உரிமையாளர். அதே மூச்சில் சோதனைக்கு ட்ரக் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்டார். சோதனைக்கு வாகனத்தை நாமே கொண்டுபோக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கிப் பழகுகிறவன் வேறு ட்ரக்குக்கு எங்கே போவான் என்பதும் தெரியும்.

சோதனையில் சித்தியடைந்தேன். தானியங்கிக் கியர் ட்ரக்கில் கொடுத்த சோதனை என்பதால் அனுமதிப்பத்திரத்தில் கட்டுப்பாடு விழுந்தது. 2022 ஜூலை முதல் ஒன்ராறியோவில் இதுதான் விதி: தானியங்கியில் சோதனை கொடுத்தவர் கையால் கியர் மாற்றும் ஏ வகுப்பு வாகனத்தை ஓட்டக் கூடாது. அதை நீக்க மறுபடியும் சோதனை கொடுக்க வேண்டும். வேலை கேட்டுப் போன கம்பெனி தன் சொந்தச் சோதனையை வைத்தது. பாதை தெரியாத இடத்தில், சுமை ஏற்றும் மேடைக்குப் பின்னோக்கி எடுக்கச் சொன்னார்கள். பாதியில் நிறுத்தி, இன்னும் பழகிவிட்டு வாருங்கள் என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில், நிறுத்தற் குறியைத் தாண்டி வந்த ட்ரக்கும் ஹம்போல்ட் ஹாக்கி அணியின் பஸ்ஸும் மோதி 16 பேர் இறந்தார்கள். அந்தச் சாரதிக்கு வேலையில் கிடைத்தது இரண்டு வாரப் பயிற்சிதான். பயிற்சி நேரத்தைப் பொய்யாக நிரப்புகிறவர்கள் மாணவரின் பணத்தை மட்டும் திருடுவதில்லை.

பள்ளியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட அந்த நேரத்தாளின் பிரதியைக் காட்டினார்கள். காசாகக் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு கடைசிவரை வரவேயில்லை. இப்போது முறைப்பாடு நடக்கிறது, ஆகவே பள்ளியின் பெயரை எழுதவில்லை. முறைப்பாட்டுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் பள்ளியின் முறைப்பாட்டு நடைமுறைப்படி எழுத்தில் கொடுக்க வேண்டும், அங்கே தீராவிட்டால்தான் இப்படியான பள்ளிகளை மேற்பார்வை செய்யும் மாகாணத் தொழிற்கல்லூரிகள் கண்காணிப்பாளரிடம் போகலாம். தொலைபேசியில் சண்டை பிடித்தது எதுவும் கணக்கில் வராது.

ஆகவே சேரும் முன்பே, அந்தப் பள்ளி பதிவு பெற்ற தொழிற்கல்லூரியா என்று மாகாண அரசின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். கையால் மாற்றும் கியர், சோதனைக்கான ட்ரக், மறுமுறைச் சலுகை எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட பிரதி கைக்கு வந்து 2 நாட்களுக்குள் எழுத்தில் ரத்துச் செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். அந்த அவகாசத்தை ஒப்பந்தத்தை வீட்டில் ஆறுதலாக வாசிக்கப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு நாளும் நீங்கள் ஓட்டிய நேரத்தையும் ட்ரக்கின் இலக்கத் தகட்டையும் சொந்தக் குறிப்பேட்டில் எழுதுங்கள், நேரத்தாளை அன்றன்றைக்கே நிரப்பித் தரும்படி கேளுங்கள். முன்கூட்டியே நிரப்பிய தாள் வந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு, உண்மையான நேரத்தை மின்னஞ்சலில் பள்ளிக்கு எழுதி அனுப்புங்கள்.

அலுவலகத்துத் தேநீரைக் குடிக்காமல் நேரே யார்டுக்குப் போங்கள். ஒரு வேலை நாளில், பயிற்சி நடக்கும் நேரத்தில் போங்கள். எத்தனை ட்ரக் ஓடுகிறது, எத்தனை மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே விட மறுத்தால் வேறு பள்ளி பாருங்கள்.