பழைய மேசைக் கணினியில் பாடக் காணொளிகள்: லினக்ஸ் மின்ட் பற்றிய ஒரு மதிப்பீடு

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் சனசமூக நிலையத்தில், க.பொ.த. உயர்தர மாணவர்கள் மாலை வேளைகளில் பாடக் காணொளி பார்ப்பதற்கென்று சில பாவித்த மேசைக் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். கொழும்பு அலுவலகமொன்று கழித்துவிட்டவை அவை. சில இன்டெல் ஐ3 இரண்டாம் தலைமுறை, சில ஐ5 நான்காம் தலைமுறை, எல்லாவற்றிலும் நான்கு ஜிபி ரேம். வின்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு இற்றைகள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுபோயின. வின்டோஸ் 11 கேட்கும் எட்டாம் தலைமுறைப் புரொசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இந்தக் கணினிகளில் இல்லை. ஆகவே அவற்றில், வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பை நிறுவினோம். உலாவியில் காணொளி ஒழுங்காக ஓடுகிறதா என்ற ஒரே கேள்வியை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மின்ட்டின் அழகையும் அலுவலக மென்பொருள்களையும் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நன்றாக ஓடுகிறது, ஆனால் நிறுவியவுடன் தானாக அல்ல. இரண்டு மூன்று இடங்களில் கைவைத்த பிறகுதான் நன்றாக ஓடுகிறது, அந்த இடங்கள் எவை என்பதை மின்ட் உங்களிடம் உரக்கச் சொல்வதில்லை.

முதலாவது இடம் நிறுவும்போதே வருகிறது. மல்டிமீடியா கோடெக்குகளையும் (சுருக்கி அனுப்பப்படும் காணொளியை விரித்துக் காட்டும் மென்பொருள்களையும்) சேர்த்து நிறுவட்டுமா என்று ஒரு திரை கேட்கும். அருகில் ஒரு சிறு சதுரப் பெட்டி இருக்கும். சில வகைக் காணொளிகளை ஓட்டுவதற்கும் சில இணையத்தளங்கள் சரியாகத் தெரிவதற்கும் அவை தேவை என்று அந்தத் திரையே சொல்கிறது. அவசரத்தில் பலர் அந்தப் பெட்டியில் சரி அடையாளம் இடாமல் கடந்துவிடுகிறார்கள், ஏனெனில் அந்த நேரத்தில் இணைய இணைப்பு இருக்க வேண்டும், எங்கள் பக்கத்தில் அது எப்போதும் இருப்பதில்லை. விட்டுப்போனாலும் பெரிய பாதகமில்லை. பட்டியலில் ஒலி, காணொளிப் பகுதிக்குள் அதற்கென ஒரு குறுவழி இருக்கிறது, வரவேற்புத் திரையிலிருந்தும் நிறுவலாம். ஆனால் விட்டுப்போனது என்பதே தெரியாமல் பல நாள் குழம்புவதுதான் வழக்கம். லினக்ஸில் பயர்பொக்ஸ் உலாவி விபி9, ஏவி1 ஆகிய காணொளிச் சுருக்க வடிவங்களைத் தானே விரித்துக் காட்டிவிடும், எச்.264 என்ற பழைய வடிவத்துக்கு மட்டும் கணினியிலுள்ள எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மென்பொருள் நூலகங்களை நாடும். அந்த நூலகங்கள் இல்லாத கணினியில் யூடியூப் குறையில்லாமல் ஓடும், எச்.264ஐ மட்டுமே தரும் வேறொரு தளத்தின் காணொளியோ கறுப்புத் திரையாக நிற்கும். பார்ப்பவர் அந்தத் தளத்தைத் திட்டுவார். தளத்தில் ஒரு பிழையும் இருக்காது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. இணைந்த கணிதப் பாடமொன்றை ஒரு மாணவி பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியரின் குரல் அடுத்த வரிக்குப் போய்விட்டது, அவருடைய கையோ கரும்பலகையில் பழைய சமன்பாட்டின் நடுவிலேயே உறைந்து நின்றது. பிறகு படம் ஒரே தாவலாகத் தாவிக் குரலை எட்டிப் பிடித்தது. “நெட் ஸ்லோ, சேர்” என்று அவள் சொன்னாள். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், சொல்வதற்குக் காரணமும் உண்டு. மலை மறைக்கும் பள்ளத்தில் இருக்கும் தோட்டத்துக்கு 4ஜி அலை எட்டுவதே பெரும்பாடு, ரவுட்டரை யன்னல் ஓரத்தில் வைத்துத்தான் வேலை நடக்கிறது. ஆயினும் இந்தக் குறைக்கு நெட் காரணமில்லை. நகரத்துக் கடையொன்றில் காட்டியபோது, “போர்டு பழசு, கிராபிக்ஸ் கார்ட் போட்டால்தான் சரிவரும்” என்றார்கள். அதுவும் சரியான விடையில்லை.

விடையைக் காட்டும் கருவி யூடியூபிலேயே இருக்கிறது. ஓடும் காணொளியின் மேல் வலது சொடுக்குச் சொடுக்கினால் வரும் பட்டியலின் அடியில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நேர்ட்ஸ்’ என்றொரு வரி உண்டு. பெயர் விளையாட்டாக இருந்தாலும் திறக்கும் பெட்டி விளையாட்டில்லை. அதில் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். ‘பஃபர் ஹெல்த்’ என்பது முன்கூட்டியே வந்து சேர்ந்து காத்திருக்கும் காணொளி எத்தனை வினாடிக்கு என்று சொல்கிறது. அது பூச்சியத்தை ஒட்டி ஊசலாடினால் குறை இணைப்பில்தான். அது இருபது முப்பது வினாடி என்று நிறைவாக இருக்க, ‘ஃபிரேம்ஸ்’ வரியில் ‘ட்ரொப்ட்’ என்று காட்டும், கைவிடப்பட்ட சட்டங்களின் (காணொளியைச் சேர்ந்த தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால், தரவு வந்து குவிந்திருக்கிறது, அதைப் பிரித்துக் காட்டத்தான் கணினிக்கு முடியவில்லை என்று பொருள். மூன்றாவது வரி கோடெக். அங்கே ஏவிசி1 என்றிருந்தால் எச்.264, விபி09 என்றிருந்தால் விபி9, ஏவி01 என்றிருந்தால் ஏவி1. அந்த மாணவியின் திரையில் பஃபர் நிறைந்திருந்தது, கைவிடப்பட்ட சட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன, கோடெக் விபி09 என்று நின்றது. காரணம் முழுவதும் அந்த மூன்று வரிக்குள் அடங்கியிருந்தது.

விளக்கம் இதுதான். எச்.264 என்பது 2003இல் வந்த தரநிலை. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் சிப்பிலும் அதை விரிப்பதற்கெனத் தனிச் சுற்று இருக்கிறது. கூகுள் 2013இல் கொண்டுவந்த விபி9க்கு முழுமையான வன்பொருள் ஆதரவு ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. 2018இல் வெளியான ஏவி1க்குப் பதினோராம் தலைமுறைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. யூடியூபோ புதிய வடிவத்தையே முதலில் நீட்டுகிறது, ஏனெனில் அதே தெளிவுக்கு அது குறைந்த தரவையே எடுக்கும். அப்படி வந்த காணொளியை விரிக்கும் வேலை முழுவதும் எங்கள் பழைய புரொசசரின் தலையில் விழுகிறது. 480பி தெளிவில் சமாளித்துவிடும். வினாடிக்கு அறுபது சட்டங்கள் கொண்ட 1080பி என்றால் மூச்சு வாங்கும்.

ஆகவே நாங்கள் செய்தது, பயர்பொக்ஸில் ‘எச்264இஃபை’ என்ற சிறு நீட்சியைச் சேர்த்ததுதான். விபி9ஐயும் ஏவி1ஐயும் இந்த உலாவி அறியாது என்று யூடியூபிடம் அது சொல்லிவிடுகிறது, யூடியூப் எச்.264க்குத் திரும்புகிறது. அறுபது சட்டக் காணொளிகளைத் தடுக்கும் தெரிவும் அதிலுண்டு. சேர்த்துவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறந்தால் கோடெக் வரி ஏவிசி1 என்று மாறியிருக்கும், சட்டங்கள் கைவிடப்படுவது ஏறக்குறைய நின்றுவிடும். இதற்குக் கொடுக்கும் விலை இரண்டு. யூடியூப் எச்.264ஐ 1080பிக்கு மேல் தருவதில்லை. பழைய பதினெட்டு அங்குலத் திரையில் பாடம் பார்ப்பவருக்கு அது ஒரு இழப்பே அல்ல. மற்றது தரவு. அதே தெளிவுக்கு எச்.264 கூடுதல் தரவைத் தின்னும், மாத டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இடத்தில் இது சிறிய விஷயமில்லை. எனவே இரண்டாம் தலைமுறைக் கணினிகளில் நீட்சியோடு 480பியில் நிறுத்திக்கொண்டோம். கரும்பலகை எழுத்து அதிலேயே தெளிவாகத் தெரிகிறது.

நான்காம் தலைமுறைக் கணினிகளில் இன்னொரு படி ஏறலாம். எச்.264ஐ வன்பொருளே விரிக்கும்படி செய்துவிட்டால் புரொசசர் ஓய்வாக இருக்கும், மின்விசிறியின் இரைச்சலும் அடங்கும். பயர்பொக்ஸ் 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸுக்கு இதைத் தானாகவே அனுமதிக்கிறது. ஏஎம்டி கிராபிக்ஸுக்கு அந்த அனுமதி 2025 மார்ச்சில், 136ஆம் பதிப்போடுதான் வந்தது. உலாவி அனுமதித்தால் போதாது, அடியில் பொருத்தமான ட்ரைவரும் இருக்க வேண்டும். நான்காம் தலைமுறை வரையான இன்டெல் சிப்களுக்கு ஐ965 என்ற பழைய விஏ ட்ரைவர் (காணொளியை விரிக்கும் வேலையைச் சிப்பிடம் ஒப்படைக்கும் மென்பொருள்). ஐந்தாம் தலைமுறை தொட்டு ஐஎச்டி என்ற புதியதைப் போடலாம். மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்தில் இரண்டும் இருக்கின்றன. ‘விஏஇன்ஃபோ’ என்ற சிறு கருவியை நிறுவி டேர்மினலில் ஓட்டினால், சிப் எந்தெந்த வடிவங்களை விரிக்கும் என்ற பட்டியல் வரும்; டேர்மினலுக்குப் பயப்படுபவர்கள் பயர்பொக்ஸின் உதவிப் பட்டியலிலிருந்து ‘மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்து, மீடியா பகுதியில் கோடெக் அட்டவணையைப் பார்க்கலாம். எந்த வடிவம் வன்பொருளில், எந்த வடிவம் மென்பொருளில் என்று அங்கே நேராகவே எழுதியிருக்கும். ட்ரைவரைத் தொடுவதற்கு முன் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் இயங்குதளத்தின் ஒரு பிரதி எடுத்துவைப்பது நல்லது. அந்தக் கருவி மின்ட்டுடனேயே வருவது எனக்கு மிகப் பிடித்த விஷயங்களில் ஒன்று.

இவ்வளவு முக்கியமான ஒன்றைச் சாதாரணப் பாவனையாளர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதை மின்ட்டின் குறையாகவே கருதுகிறேன். வைஃபை சிப்புக்கும் என்விடியா கார்டுக்கும் உரிய ட்ரைவரைத் தேடித் தருவதற்கு ஒரு ட்ரைவர் மேலாளரை வைத்திருக்கிறார்கள். காணொளி வன்பொருளில் விரிகிறதா இல்லையா என்று காட்ட அதிலேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மின்ட்டின் பக்கம் பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு இயங்குதளம், 21.10ஆம் பதிப்பு முதல் பயர்பொக்ஸை ஸ்னாப் என்ற தனிவகைப் பொதியாகத் தருகிறது. மின்ட் அதைச் சாதாரணப் பொதியாகவே தருகிறது, குரோமியம் உலாவியையும் தானே பொதி செய்து தருகிறது. மெதுவான வன்தட்டுள்ள கணினியில் உலாவி திறக்க எடுக்கும் நேரத்தில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். குரோமியத்தையும் முயன்று பார்த்தோம். எங்கள் கணினிகளில் அது காணொளிக்குப் புரொசசரையே நம்பியிருந்தது, ஆகவே பாடம் பார்ப்பதற்குப் பயர்பொக்ஸ் என்று தீர்மானித்தோம். திரையின் குறுக்கே படம் கிழிந்தாற்போல் தெரியும் தொல்லை ஒரு கணினியில் மட்டும் இருந்தது. டெஸ்க்டொப் செட்டிங்ஸில் சாளர மேலாளரை மாற்றியதும் மறைந்துவிட்டது. ஒலி வராத தொல்லை மின்ட் 22 பைப்வயர் என்ற புதிய ஒலி அமைப்புக்கு மாறிய பிறகு எங்களுக்கு வரவில்லை. வந்தால் ஒலி எச்டிஎம்ஐ வழியாகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். கட்டணப் படத் தளங்களுக்குப் பயர்பொக்ஸ் அமைப்பில் டிஆர்எம் என்ற நகல்தடுப்புப் பூட்டுள்ள உள்ளடக்கத்தை அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கணினிகளுக்கே உரிய இன்னொரு கோளாறு காணொளிக் கோளாறு போலவே வேடம் போட்டு வரும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய அளவு பற்றரி செத்துப்போனால், மின்சாரம் நின்று வந்த ஒவ்வொரு முறையும் கணினியின் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். உடனே பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி எச்சரிக்கும், யூடியூபும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் ஒருசேரத் திறக்க மறுக்கும். இணையம் கிடைத்தவுடன் மின்ட் நேரத்தைத் தானே திருத்திக்கொள்வதால் சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும், பற்றரியை மாற்ற வேண்டும் என்பதை நாமும் மறந்துவிடுவோம். பருவமழைக் காலத்தில் மின்சாரம் அடிக்கடி போய்வரும் எங்கள் பக்கத்தில் அதை முதலிலேயே மாற்றிவிடுவது உத்தமம்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? பாடசாலைப் பிள்ளை பாடம் பார்க்கவும் இணையத்தில் தேடவும் ஒரு பழைய கணினி இருந்தால், தயங்காமல் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போடலாம். இரண்டு ஜிபி ரேமே போதும் என்று அவர்கள் சொன்னாலும், உலாவியில் காணொளி பார்க்க நான்கு ஜிபிக்குக் குறைவாக வேண்டாம். 22ஆம் தொடருக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பென்டிரைவிலிருந்தே நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் முதலில் அப்படியே பரீட்சித்துக்கொள்ளலாம். கோடெக்கையும் ட்ரைவரையும் நிறுவாத நிலையில் காணொளி தடுமாறுவதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. கணக்கியல் மென்பொருள், அரச அலுவலகப் படிவ மென்பொருள் என்று வின்டோஸிலேயே கட்டுண்டிருப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

இனிமேல் பாவித்த கணினி வாங்கப் போகிறவர்கள் கடையில் ரேமையும் வன்தட்டையும் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். ஐ3, ஐ5 என்ற பெயருக்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண் 7 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் விபி9ஐ அந்தச் சிப்பே விரித்துவிடும், நீட்சி தேவையில்லை, டேட்டாவும் மிச்சம். விலை வேறுபாடு அதிகமில்லாவிட்டால் எட்டாம் தலைமுறையையே எடுங்கள், டிபிஎம் 2.0 இருக்கிறதா என்றும் கேட்டு வைத்துக்கொண்டால், பிறகு வின்டோஸ் 11க்குப் போக நினைத்தாலும் வழி திறந்திருக்கும்.